விலாசம் கேட்காத பணம்: பெண்கள் காப்பகத்துக்கு நிறுவன நிதியா, மாதச் சந்தாவா?

வீட்டில் அடி உதைக்கு ஆளாகி வெளியேறும் பெண்களும் அவர்களுடைய குழந்தைகளுமாகப் பதினெட்டுப் பேர் வரை தங்கக்கூடிய ஒரு காப்பகத்துக்காக, சென்னையில் ஆறு ஆண்டுகளாக நிதி திரட்டி வருகிறேன். இந்தப் பணிக்கு முழுநேர ஊழியர் நான் ஒருத்திதான் என்பதால், 2024 ஏப்ரலில் அறங்காவலர்கள் என்னிடம் ஒரு முடிவைக் கேட்டார்கள். வரும் ஆண்டில் உழைப்பின் பெரும்பகுதியை நிறுவனங்கள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதிக்குக் கொடுப்பதா, தனி மனிதர்களின் மாதச் சந்தாவுக்குக் கொடுப்பதா என்பதே கேள்வி. நான் மாதச் சந்தாவைத் தேர்ந்தெடுத்தேன். ஓராண்டு கடந்த பின்னும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். இதே வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு உதவும் என்பதால், அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

நிறுவன நிதியின் அடிப்படை பலருக்கும் தெரிந்ததே. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவில் கூறுகிறது. பெண்களுக்கான இல்லங்களும் விடுதிகளும் அமைப்பது அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே குறிப்பிடப்பட்டிருப்பதால், நாம் தயக்கமின்றிப் போய்க் கேட்கலாம். ஒரே ஒப்பந்தத்தில் வரும் தொகை, நூற்றுக்கணக்கான சந்தாதாரர்கள் ஆண்டு முழுவதும் தருவதை மிஞ்சிவிடும். தொகையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இல்லை.

மாதச் சந்தா என்பது பிடியரிசி வழக்கத்தைப் போன்றது. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைத்த வீடுகளின் பழக்கம், இன்று மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்கும் யு.பி.ஐ. ஆட்டோபே வழியாக ஒன்றாம் தேதி காலையில் முந்நூறு, ஐந்நூறு ரூபாயாக நம் கணக்குக்கு வந்து சேர்கிறது. வரிச்சலுகையைச் சொல்லிச் சந்தாதாரர்களைச் சேர்ப்பது முன்பு எளிதாக இருந்தது. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது என்பதால் அந்தப் பேச்சு இப்போது பாதிப் பேரிடம் எடுபடுவதில்லை. ஆயினும் வரிச்சலுகை இல்லை என்பதற்காகச் சந்தாவை நிறுத்தியவர்கள் எங்கள் பட்டியலில் மிகச் சிலரே.

என் முடிவைத் தீர்மானித்தது தொகையோ வரிச்சலுகையோ அன்று. கொடுக்கும் பணத்துக்கு ஈடாக ஒவ்வொரு தரப்பும் எதைக் காட்டச் சொல்கிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை தீர்மானமான விஷயம். முதியோர் இல்லத்துக்கோ பள்ளிக்கோ நிதி திரட்டுபவர் இதைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பெண்கள் காப்பகத்துக்கு முதற்பாதுகாப்பு அதன் விலாசம் வெளியே தெரியாமல் இருப்பதே. தங்கியிருக்கும் பெண் விரும்பினால் அவர் யார் என்பதைக் காப்பகம் வெளியிடக் கூடாது, எதிர்த்தரப்பினருக்கும் தெரிவிக்கக் கூடாது என்று குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2006இல் வகுக்கப்பட்ட விதிகள் கூறுகின்றன. எங்கள் வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கூரியர்கள் யாவும் வேறு பகுதியில் உள்ள அலுவலகத்துக்கே வரும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரமும் சலவை இயந்திரமும் வாங்கிக் கொடுத்தது. இரண்டாம் தவணையை விடுவிப்பதற்கு இட விவரம் பதிந்த புகைப்படம் வேண்டும் என்று கேட்டார்கள். முகங்கள் எதுவும் வராதபடி, இயந்திரத்தைச் சுவரோடு சேர்த்து நானே படம் எடுத்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் எங்கள் காப்பாளர் அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மேடம், படத்துக்குக் கீழே பாருங்க, நம்ம தெருப் பேரு, பின்கோடு எல்லாம் வந்திருக்கு" என்றார். செயலி தானாகவே அச்சிட்டிருந்த அந்த வெள்ளை எழுத்துகளை நான் கவனிக்கவே இல்லை. முகத்தை மறைப்பதில் காட்டிய கவனம் முழுவதும் அந்த இரண்டு வரிகளால் வீணாகியிருக்கும். படத்தை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாகத் தணிக்கையாளரின் சான்றிதழை ஏற்கச் செய்வதற்குள் நான்கு மாதங்கள் ஓடின. அதுவரை தவணை நின்றது.

அந்த நிறுவனத்தின் அதிகாரி கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். தன் குழுவுக்கும் தணிக்கைக்கும் கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு அவருக்கு இருக்கிறது. பிற இடங்களில் நியாயமாக இருக்கும் ஒரு நடைமுறை, இங்கே ஒரு பெண்ணைத் தேடி அலைபவனுக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. ஊழியர்கள் நாற்பது பேர் ஒருநாள் வந்து சுவருக்கு வண்ணம் பூசுகிறோம் என்பது, திறப்பு விழாக் கல்வெட்டு, பயனடைந்த பெண் ஒருவர் இரண்டு நிமிடம் பேசும் காணொளி என்று அடுத்தடுத்து வரும் வேண்டுகோள்கள் ஒவ்வொன்றும் நல்ல மனத்தோடுதான் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொல்லி, மறுப்பதன் காரணத்தை விளக்கி, உறவு முறியாமல் பார்த்துக்கொள்வதற்கு நான் செலவிட்ட நாட்களை எண்ணிப் பார்த்தபோதுதான் பெருந்தொகையின் உண்மையான விலை எனக்குத் தெரிந்தது.

தனி மனிதர்கள் இந்த விஷயத்தில் இயல்பாகவே மேல் என்று சொல்லிவிட முடியாது. பிறந்தநாளுக்கும் பெற்றோரின் திதிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டி, குடும்பத்தோடு வந்து தம் கையால் பரிமாற விரும்புவது நம் ஊரில் ஊறிப்போன வழக்கம். நாங்கள் அதற்கு இடம் தருவதில்லை. அந்த நாளில் சமைத்தது என்ன, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதிய அட்டை ஒன்றை அனுப்புகிறோம். நேரில் வர முடியாதென்றதும் வருத்தப்பட்டு விலகியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஒருநாள் சாப்பாட்டுக்குக் கொடுப்பவருக்கும் மாதச் சந்தா கட்டுபவருக்கும் வேறுபாடு இருக்கிறது. முன்னவருக்கு அந்த நாள் முக்கியம், அதனால் பார்க்க விரும்புகிறார். பின்னவர் பார்க்காமலே கொடுப்பதற்குச் சம்மதித்துத்தான் சேர்கிறார்.

எங்கள் சந்தாதாரர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். தானாகப் பணம் எடுக்கும் அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் சந்தாக்கள் பல ஒரே மாதத்தில் நின்றுபோயின. இந்த அம்மாவுடைய சந்தாவும் அவற்றில் ஒன்று. டிசம்பர் இறுதியில் அவர் அலுவலகத்துக்கு நேரில் வந்து, மூன்று மாதத்துக்கான தொள்ளாயிரம் ரூபாயை ஒரு மருந்துக்கடை உறையில் வைத்துக் கொடுத்தார். வங்கி எடுக்காமல் விட்டது தம்முடைய பாக்கி என்றே அவர் கணக்கு வைத்திருந்தார். ரசீது எழுதும் வரை காத்திருந்துவிட்டு, "பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். காப்பகம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

அந்தத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு இன்னொரு தன்மையும் உண்டு. அதை எதற்கும் செலவிடலாம். இரவுக் காவலுக்கு இருக்கும் இரு பெண்களின் சம்பளம், வாடகை, நள்ளிரவில் வந்தவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோ கட்டணம் ஆகியவற்றுக்கு எந்தத் திட்ட வரைவிலும் எளிதில் இடம் கிடைப்பதில்லை. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நிறுவன அதிகாரிகள் பலர் நம்மிடம் சொல்வார்கள். விதியைப் படித்துப் பார்த்தால் அந்த வரம்பு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பணியை நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கானது. திட்டத்தை நேரடியாக நடத்துவதற்கான செலவு அதில் சேராது. காப்பாளர் இல்லாமல் காப்பகம் இல்லை, எனவே அவருடைய சம்பளமே திட்டச் செலவு என்று விதியை எடுத்துக் காட்டி இருமுறை ஏற்கச் செய்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் இந்த ஒன்றையாவது முதல் நாளே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

மாதச் சந்தாவின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. சந்தாதாரர் எண்ணிக்கை மிக மெதுவாகவே ஏறுகிறது. வேலை மாறுகிறார்கள், வங்கிக் கணக்கை மாற்றுகிறார்கள், கணக்கில் இருப்பு இல்லாமல் இரண்டு மாதம் தவறியதும் வெட்கப்பட்டுத் தொலைபேசியை எடுக்காமல் விடுகிறார்கள். என் வாரத்தில் இரண்டு நாட்கள் இத்தகைய அழைப்புகளிலேயே கழிகின்றன. ஏற்கெனவே சில ஆண்டுகள் இயங்கி, ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த அமைப்பு என்பதால் எங்களுக்கு இது கைகூடியது. நேற்றுத் தொடங்கிய காப்பகம் சந்தாவை மட்டும் நம்பி முதல் ஆண்டைக் கடக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வெளிநாட்டு நன்கொடையை நான் கையாண்டதில்லை என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

கட்டடம், வாகனம், சூரிய மின்தகடு போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு நிறுவன நிதியே பொருத்தமானது. அவற்றுக்குச் சந்தாப் பணத்தைச் சேர்த்து வைப்பதென்றால் பத்தாண்டு ஆகும். ஆகவே அந்தக் கதவை நான் மூடிவிடவில்லை. இப்போது நிறுவனங்களுக்கு அனுப்பும் கடிதத்தில், எங்கள் பணியைப் பற்றிச் சொல்வதற்கு முன்பாகவே மூன்று நிபந்தனைகளை எழுதுகிறேன்: இட விவரம் பதிந்த படங்களுக்குப் பதிலாகத் தணிக்கையாளர் சான்றிதழ், நேரில் பார்வையிட ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிட்ட ஒரே ஒரு பெண் அதிகாரி, எந்தப் பொருளின் மீதும் நிறுவனத்தின் பெயர் கூடாது. பெரும்பாலான கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. மூன்றையும் ஏற்றுக் கையெழுத்திட்ட நிறுவனம் ஒன்று கடந்த ஜனவரியில் ஒரு வேன் வாங்கிக் கொடுத்தது. அதற்கான டீசலும் ஓட்டுநர் சம்பளமும் மாதச் சந்தாவிலிருந்து போகின்றன.