ஸ்டேப்ளர் முள்ளைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்

பிளானர் ஸ்பீக்கர், அதாவது பெட்டி இல்லாத பலகை ஸ்பீக்கர், வாங்க எல்லை தாண்டிப் போகும் எண்ணம் யாருக்காவது இருந்தால், இதைப் படித்துவிட்டு வண்டி ஏறவும். என் 85,000 ரூபாய் போயே போய்விட்டது.

எனக்குச் செங்கோட்டை. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். மரச்சாமான் வாங்குவதிலிருந்து வைத்தியம் வரை அந்தப் பக்கமும் எங்களுக்குச் சொந்த ஊர் மாதிரிதான். 1956 வரை நாங்களே திருவிதாங்கூர்க்காரர்கள்தானே. அந்த நம்பிக்கையில்தான் அங்கே ஒரு நகரத்தில் இருக்கும் ஆடியோ கடைக்குப் போனேன். கடைப் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும்.

பெரிய ஹாலின் நடுவில், பின் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, கதவுப் பலகை போல இரண்டு நின்றன. பெட்டி கிடையாது, கூம்பும் கிடையாது. மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் கம்பியை வரிவரியாக ஒட்டியிருப்பார்கள். எதிரே காந்தப் பட்டைகள். கம்பியில் மின்சாரம் ஓடினால் படலம் முழுவதும் அசைந்து பாடும். இந்த வகைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஜிம் வைனி 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய மேக்னபான் நிறுவனம். அதற்கும் முன்னால், 1957இல், பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் கொண்டுவந்தது வேறு ரகம். அதில் காந்தமே இல்லை. ஸ்பீக்கரையே பிளக்கில் செருகிப் படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்ற வேண்டும். ஜூன் பிறந்தால் சாரல் ஜன்னல் வழியே வந்து பாயை நனைக்கும் ஊரில் அது வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது.

கடைக்காரர் எம்.டி. ராமநாதனைப் பாடவிட்டார். பொய் சொல்லக்கூடாது, உடம்பு சிலிர்த்தது. அந்த அடிக்குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலவே இல்லை. ஆள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. ஆலாபனை முடிந்து மிருதங்கம் சேரும் நேரத்தில் கடைக்காரர் ஒலியைக் குறைத்துவிட்டு விலை பேசத் தொடங்கினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் அறை பத்துக்குப் பன்னிரண்டு, என்னிடம் இருப்பது 40 வாட் ஆம்ப்ளிஃபயர் என்று இரண்டு முறை சொன்னேன். "சாரே, இதற்கு இடமே வேண்டாம். காலண்டர் மாதிரி சுவரோரம் சாய்த்து வையுங்கள். எந்த ஆம்ப்ளிஃபயரும் இழுக்கும்" என்றார். இரண்டுமே பொய். இந்தப் பலகை முன்னால் பாடுவது போலவே பின்னாலும் பாடும். பின்னால் போகும் ஒலி சுவரில் மோதி உடனே திரும்பினால் எல்லாம் கலங்கிவிடும். குறைந்தது மூன்றடியாவது தள்ளி நிற்க வேண்டும். என் வீட்டில் அப்படி நிறுத்தினால் அடுப்படிக்குப் பக்கவாட்டில் நழுவித்தான் போக வேண்டும். வீட்டுக்காரி ஒரு வாரம் பொறுத்தாள்.

ஆம்ப்ளிஃபயர் கதை அதைவிட மோசம். நான் வாங்கிய பலகையின் மின்தடை 4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். கொடுக்கும் மின்சாரத்துக்கு ஒலியும் குறைவு, சுமார் 86 டெசிபல்தான். அதற்கு மேல் 3 டெசிபல் ஏற்றவே வாட் இரட்டிப்பாக வேண்டும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கொஞ்சம் தெம்பாகக் கேட்கலாம் என்று குமிழைத் திருகினேன். மூன்றாவது நிமிடத்தில் ஆம்ப்ளிஃபயரின் மூடி தோசைக்கல் மாதிரி கொதித்து, 'டக்' என்று தானே அணைந்தது. மிருதங்கம் சேரும் இடத்தில் கடைக்காரர் ஏன் ஒலியைக் குறைத்தார் என்பதும் வீட்டில்தான் புரிந்தது. முன் அலையும் பின் அலையும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்கி, அந்த ஆழ்ந்த அடிநாதம், வெறும் தட்டலாகத்தான் வந்தது.

இதுவரை சொன்னதை என் அவசரம் என்றுகூட எழுதிவிடலாம். அடுத்தது அப்படியல்ல.

"ஆறு மாதம் கடையில் ஓடிய டெமோ பீஸ், புதிது மாதிரி" என்று சொல்லித்தான் கொடுத்தார். இரண்டே வாரத்தில் இடது பலகையில், தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு மாதிரி ஒரு இரைச்சல். தென்காசியிலிருந்து தெரிந்த ரேடியோ மெக்கானிக்கை அழைத்து வந்தேன். செல்போனிலிருந்து 40 ஹெர்ட்ஸில் ஒற்றைச் சுருதியை விட்டு மெல்ல ஏற்றிக்கொண்டே போனோம். 120ஐ நெருங்கியதும் வண்டு விழித்துக்கொண்டது. அவர் பலகையைக் கவிழ்த்து, அதை மூடியிருந்த துணியின் ஓரத்தில் டார்ச் அடித்தார். "அண்ணாச்சி, இங்கே பாருங்கள்." பளபளவென்று புது ஸ்டேப்ளர் முட்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், ஒரு நூல் தள்ளி, காலியான பழைய துளை ஜோடி. சில துளைகளின் வாயில் துருக்கறை. யாரோ ஏற்கெனவே துணியைப் பிரித்துத் திரும்ப அடித்திருக்கிறார்கள்.

துணியை நீக்கினோம். ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி படலத்தை விட்டு எழும்பி நின்றது. அதன் மேலும் கீழும் மஞ்சள் பசை, செருப்புக்குத் தடவுவது போல, வழிந்து காய்ந்திருந்தது. வெயிலும் வெப்பமும் பட்டு ஆண்டுக்கணக்கில் போனால் ஒட்டு விடுவது இந்த வகைப் பழைய பலகைகளுக்கு உள்ள நோய். ஆறு மாதத்தில் வருவதல்ல.

போன் செய்தேன். "சாரல் ஊர் அல்லவா சாரே, ஈரத்தில் போயிருக்கும்" என்றார். அந்த இரண்டு வாரமும் பங்குனி வெயில்! பில்லைக் காட்டலாம் என்று எடுத்தால், அது பில்லே அல்ல, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. மாடலும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. ஜிஎஸ்டி மிச்சம் என்று அவர் சொன்னபோது நானும் சந்தோஷமாகத் தலையாட்டியவன்தான். கடைசியாக அவர் சொன்னது: "வழக்குப் போட வேண்டுமானால் கேரளாவுக்குத்தான் வர வேண்டும்."

அதுவும் பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 1915 என்ற உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்ததால் அந்தக் கணக்கு விவரம் ஒன்றாவது கையில் இருக்கிறது.

இடது பலகை இப்போது பின்கட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறது. மெக்கானிக் கம்பியை ஒட்டித் தருகிறேன் என்கிறார். நான்தான் இன்னும் துணியைத் திரும்ப அடிக்க விடவில்லை. அந்தப் பழைய துளைகளைப் பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்து, மனுவோடு இணைத்திருக்கிறேன்.