மாதம் 50 டாலரில் அரிய அமெரிக்கக் காசுகள்: பதினோரு வருட அனுபவம்

ஒஹாயோவுக்கு வந்த புதிதில் லிங்கன் சென்ட் காசுகளுக்கான ஒரு நீல அட்டை ஆல்பம் வாங்கினேன். வருடம் அச்சிட்ட வட்டத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு. வங்கியில் சில்லறை உருளைகளை வாங்கிவந்து பிரித்துப் பிரித்து, 1941-க்குப் பிந்தைய பக்கங்களைக் கிட்டத்தட்ட நிரப்பிவிட்டேன். பழைய பக்கங்களுக்குச் சில டாலர் செலவழிக்க வேண்டியிருந்தது. கடைசியில் சில துளைகள் மட்டும் காலியாக நின்றன. அதில் முதலாவது 1909-எஸ் விடிபி.

'எஸ்' என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ நாணயசாலையில் அடித்த காசு. வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் மூன்று முதலெழுத்துகள் பின்புறம் கீழே இருக்கும். எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன என்று எதிர்ப்பு வந்ததால், காசு வெளியான சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அடித்தது 4,84,000. நன்றாகத் தேய்ந்த காசே என் ஒரு வருட பட்ஜெட்டை விழுங்கிவிடும். மாதம் 50 டாலர்தான் என் கணக்கு. அதைத் தாண்டுவதில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் நாணய கிளப்பில் ஒரு பெரியவர் 1914-ஆம் வருட பார்பர் ஹாஃப் டாலர் (சார்லஸ் பார்பர் வடிவமைத்த அரை டாலர் காசு) ஒன்றைக் கையில் கொடுத்தார். அடித்தது 1,24,230. அந்த சென்ட்டில் நாலில் ஒரு பங்கு சுமார். நல்ல கனமான வெள்ளிக் காசு. விலையோ எனக்கு மூன்று மாதப் பணம். எப்படி என்று கேட்டேன். "இதை எத்தனை பேர் தேடுகிறார்கள்?" என்றார். அன்றைக்கு என் சேகரிப்பு திசை மாறியது. அமெரிக்காவில் காசு சேர்ப்பவர்களில் பலர் அந்த நீல ஆல்பத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அதே துளை காலி. அந்தக் கூட்டத்துக்குத்தான் விலை. 1916-டி மெர்குரி டைம் (டென்வரில் அடித்த பத்து சென்ட் காசு) அடித்தது 2,64,000. அந்த ஹாஃப் டாலரைப் போல இரண்டு மடங்கு இருந்தும் விலை பல மடங்கு.

அப்புறம் கூட்டமில்லாத இடமாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன். எனக்கு மிகவும் பிடித்தது 1851-ஓ வெள்ளி மூன்று சென்ட். அந்த வருடம் கடிதத் தபால் கட்டணத்தை மூன்று சென்ட்டாகக் குறைத்தார்கள்; அதற்குத் தோதாக வந்த காசு இது. 14 மில்லிமீட்டர் அகலம், 0.80 கிராம் எடை. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். முன்புறம் ஆறுமுனை நட்சத்திரம், அதன் நடுவில் கேடயம். பின்புறம் பெரிய 'சி' எழுத்து, அதற்குள் ரோமன் மூன்று, அதன் வலப்பக்கம் குட்டியாக 'ஓ'. அது நியூ ஆர்லியன்ஸின் அடையாளம். இந்த வகைக் காசை ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே அடித்தது அந்த ஒரு வருடம், அந்த ஒரு இடத்தில் மட்டும். மொத்தம் 7,20,000. ஓரம் கொஞ்சம் தேய்ந்தது எனக்கு இரண்டு மாதக் காசுக்குள் கிடைத்தது. லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து அந்த 'ஓ'வைப் பார்க்கும்போது இன்றும் மனசு நிறைகிறது.

கார்சன் சிட்டி காசு என்றாலே கைக்கு எட்டாது என்று நினைப்பவர்கள் பலர். நெவாடாவின் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் 1870 முதல் 1893 வரை, நடுவில் சில வருட இடைவெளியோடு, காசு அடித்த இடம் அது. 'சிசி' என்ற அடையாளம் வேண்டும், பணமும் குறைவு என்றால் 1875, 1876, 1877 வருட டைம்களைத் தேடுங்கள். லட்சக்கணக்கில் அடித்ததால் தேய்ந்தவை நியாயமான விலையில் வருகின்றன. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாறவும் கூடும். 1885-சிசி டாலர் அடித்தது 2,28,000 மட்டும்தான். ஆனால் பாதிக்கும் மேல் கருவூலத்திலேயே கிடந்து, 1970-களில் அரசே விற்றது. புழங்காத பளபளப்பான காசு நிறைய இருக்கிறது. புழங்கித் தேய்ந்ததுதான் அபூர்வம்.

எனக்குப் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வருடம் ஒரு கண்காட்சியில் 1914-டி சென்ட் ஒன்றை 110 டாலருக்கு வாங்கினேன். கிளப்பில் லூப் வைத்துப் பார்த்தபோது லிங்கனின் தோள் விளிம்பில் விடிபி எழுத்துகளின் நிழல். அந்த எழுத்துகள் தோளில் வந்ததே 1918-இல்தான். 1944-டி காசில் நாலைச் சுரண்டி ஒன்றாக்கியிருந்தார்கள். ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இடைவெளி கூடுதலாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ரொம்ப நாள் வலித்தது. அதிலிருந்து நூறு டாலரைத் தாண்டும் காசு என்றால் காசைச் சோதித்துச் சான்று தரும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனம் சீல் வைத்த பெட்டியில் இருப்பதை மட்டுமே வாங்குகிறேன்.

இரண்டாவது அடி பிளாஸ்டிக் உறை. வளைந்து கொடுக்கும் மலிவு பிவிசி உறையில் இரண்டு வருடம் வைத்திருந்த ஏழு காசுகளில் பச்சைப் பிசுக்கு படிந்துவிட்டது. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து ஐந்தைக் காப்பாற்றினேன். இரண்டில் தடம் நின்றுவிட்டது. இப்போது மைலார் உறைதான்.

கிரேட் (காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற தரம்) விஷயத்தில் என் கொள்கை எளிமையானது. பார்பர் காசுகளில் தலைப்பட்டையில் 'லிபர்டி' என்ற சொல் இருக்கும். அது முழுதாக அழிந்திருந்தால் குட், மூன்று எழுத்தாவது தெரிந்தால் வெரி குட், ஏழும் தெரிந்தால் ஃபைன். நான் வெரி குட்டில் நிற்கிறேன். கைமாறிக் கைமாறித் தேய்ந்த சாம்பல் நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. துடைத்துப் பளபளவென்று ஆக்கிய காசை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. லூப்பில் பார்த்தால் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் அதையேதான் பார்க்கும்.

இப்போது 1915 ஹாஃப் டாலருக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அடித்தது 1,38,000. போன மாதக் கண்காட்சியில் ஒன்று இருந்தது, விலையும் சரி. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன், கோடுகள் ஓடின. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.