ராமகிருஷ்ணபுரத்துச் சனிக்கிழமை ஆங்கில இலக்கண வகுப்பு: 10 வாரங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில், மலை மந்திரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு வீட்டு மாடியறையில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் ஆங்கில இலக்கண வகுப்பில் 10 வாரம் படித்து முடித்திருக்கிறேன். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அக்கம்பக்கத்துத் தமிழர்கள் ‘டீச்சர் வகுப்பு’ என்றே சொல்கிறார்கள். பள்ளியில் நீண்ட காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற தமிழ் அம்மையார் ஒருவர் நடத்துகிறார். கட்டணம் 4,500 ரூபாய். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசப் பழக வேண்டும் என்ற எண்ணத்தோடு வருபவர்களை அவர் முதல் நாளே வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுகிறார். அலுவலகக் குறிப்பும் கடிதமும் அறிக்கையும் பிழையில்லாமல் எழுத வேண்டியவர்களுக்கான வகுப்பு இது. அதிலும் 10 வாரங்களில் 6 வாரம் ஒரே பொருளுக்குப் போகிறது: ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்து அதன் பொருளை நிறைவு செய்யும் தொடர், அதாவது நவுன் காம்ப்ளிமென்ட்.

இந்த ஒன்றுக்காக இவ்வளவு காலமா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளில் குறிப்பு எழுதுவது என் வேலை. இறுதி பில்லை உரிய நாளில் கொடுத்துவிட்டதாக ஒரு ஒப்பந்தக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்வது மெய்தானா என்று அதுவரை யாரும் சரிபார்த்திருக்கவில்லை. அதைத்தான் நான் கோப்பில் எழுத நினைத்தேன். சுருக்கமாக இருக்கட்டும் என்று ‘தி கிளெய்ம் தட் தி கான்ட்ராக்டர் சப்மிட்டட் வாஸ் நாட் எக்ஸாமின்ட்’ என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி அதை, ‘ஒப்பந்தக்காரர் சமர்ப்பித்த கோரிக்கை பரிசீலிக்கப்படவில்லை’ என்று படித்தார். அவர் படித்ததில் தவறே இல்லை; நான் எழுதிய வாக்கியத்துக்கு அதுதான் பொருள். வந்த கோரிக்கையைப் பார்க்காமல் வைத்திருந்தது ஏன் என்று எங்கள் பிரிவிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அதற்குப் பதில் எழுதி, கோப்பு மேலே போய்த் திரும்பி வருவதற்குள் இரண்டு வாரம் கழிந்தது. ‘சப்மிட்டட்’ என்பதன் பின் ‘தி பில்’ என்ற இரண்டு சொற்களை நான் விட்டதால் வந்த வினை அது. அந்த இரண்டு சொற்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அப்போது எனக்கே சரியாக விளங்கவில்லை.

வகுப்பின் முதல் மணி நேரம் பெயர்க் குழப்பங்களைத் தீர்ப்பதில் சென்றது. பாராட்டு என்று பொருள்படும் காம்ப்ளிமென்ட் ஒலியில் இதேபோல் இருந்தாலும், அதில் ஆறாவது எழுத்து ‘ஐ’, இதில் ‘ஈ’. நிறைவு என்று பொருள்படும் கம்ப்ளீட் என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் எழுத்துப் பிழை வராது. பள்ளியில் ‘அவர் ஆசிரியர்’ போன்ற வாக்கியங்களில் ஆசிரியர் என்ற சொல்லை காம்ப்ளிமென்ட் என்று படித்திருப்போம். அது எழுவாயைப் பற்றிச் சொல்லிப் பயனிலையை நிரப்புவது. இங்கே பேசப்படுவது பெயர்ச்சொல்லையே நிரப்புவது. செய்தி என்றால் என்ன செய்தி, முடிவு என்றால் என்ன முடிவு, சந்தேகம் என்றால் எதைப் பற்றிய சந்தேகம் என்ற கேள்விக்கு விடை தரும் பகுதி. சில இலக்கண ஆசிரியர்கள் இதில் ‘தட்’ என்று தொடங்கும் வகையை அப்பாசிட்டிவ் கிளாஸ் என்றும் வழங்குகிறார்கள். பெயர் எதுவானால் என்ன என்று டீச்சர் அந்த விவாதத்தை வளர்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் வாரம்தான் இந்த வகுப்பின் உயிர். டீச்சர் இரண்டு தொடர்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். ‘தி நியூஸ் தட் ஹி பிராட்’ என்பது ஒன்று. ‘தி நியூஸ் தட் ஹி ரிசைன்ட்’ என்பது மற்றொன்று. பிறகு ஓர் அட்டையை எடுத்து, ‘தி நியூஸ் தட்’ என்ற பகுதியை இரண்டிலும் மறைத்தார். மிஞ்சியவை ‘ஹி பிராட்’, ‘ஹி ரிசைன்ட்’. முன்வரிசையில் இருந்த, ஏதோ தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, “தம்பி, முதலாவது தனியா நிக்குமா?” என்று கேட்டார். “நிக்காது டீச்சர். எதைக் கொண்டுவந்தார்னு தெரியலையே.” “எதை?” “செய்தியைத்தான்.” “அப்போ அந்த ஓட்டையை அடைக்கிறது வெளியில இருக்கிற செய்தி. இரண்டாவதுல ஓட்டை இருக்கா?” பையன் சற்று யோசித்துவிட்டு இல்லையென்றான். ‘அவர் ராஜினாமா செய்தார்’ என்பது முழு வாக்கியம். அதில் எதுவும் குறையவில்லை. அந்த முழு வாக்கியமே செய்தியின் உள்ளடக்கம். ஓட்டை உள்ளது ரிலேட்டிவ் கிளாஸ், அதாவது எந்தச் செய்தி என்று அடையாளம் காட்டும் தொடர்; ஓட்டை இல்லாதது நிரப்பி, அதாவது நம் நவுன் காம்ப்ளிமென்ட். இதற்கு மேல் ஒரு விளக்கம் தேவையில்லை என்பதே என் கருத்து. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் இரண்டு வழிகளைக் காட்டினார். ‘தட்’ இருக்கும் இடத்தில் ‘விச்’ போட்டுப் பார்த்தால் முதலாவது ஏற்கும், இரண்டாவது ஏற்காது. இடையில் ‘இஸ்’ போட்டு, ‘தி நியூஸ் இஸ் தட் ஹி ரிசைன்ட்’ என்றால் வாக்கியம் இயல்பாக நிற்கும்; முதலாவதில் அப்படிப் போட்டால் முறிந்துவிடும்.

அடுத்து அவர் அவற்றைத் தமிழில் எழுதச் சொன்னபோதுதான் எனக்குக் கண் திறந்தது. ‘அவர் கொண்டுவந்த செய்தி’, ‘அவர் ராஜினாமா செய்தார் என்ற செய்தி’. ஆங்கிலம் ஒரே ‘தட்’டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் வேறுபாட்டைத் தமிழ் வெளிப்படையாகக் காட்டுகிறது. முதலாவதற்குப் பெயரெச்சம், இரண்டாவதற்கு ‘என்ற’. நாம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இந்த இரண்டையும் தடுமாறாமல் பிரித்துத்தான் வருகிறோம். என் கோப்புக் குறிப்பைத் தமிழில் நினைத்துப் பார்த்திருந்தால், ‘சமர்ப்பித்த கோரிக்கை’ வேறு, ‘பில்லைச் சமர்ப்பித்துவிட்டேன் என்ற வாதம்’ வேறு என்று எழுதும் முன்பே தெரிந்திருக்கும். கிளெய்ம் என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் கோரிக்கை, வாதம் என்று இரண்டு சொற்கள் வந்து நிற்பதே எச்சரிக்கையாக இருந்திருக்கும். ஆங்கிலம் கற்கத் தமிழை மறக்க வேண்டும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை என்னுடையது. தில்லியில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் பலர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்த ஒரு மாலை எனக்குக் காட்டியது.

ஆனால் ‘என்ற’ வந்தால் நிரப்பி, வராவிட்டால் ரிலேட்டிவ் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிக் கட்டம் போட்டதை நான் முழுமையாக ஏற்கவில்லை. ‘அவர் இறந்த செய்தி’, ‘பணம் கட்டிய அத்தாட்சி’, ‘கதவு சாத்திய சத்தம்’ என்றெல்லாம் நாம் சொல்கிறோம். இவற்றில் ‘என்ற’ இல்லை. ஆனாலும் செய்தி இறக்கவில்லை, அத்தாட்சி பணம் கட்டவில்லை. பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை நன்னூல் ஆறாகச் சொல்லும்போது, செய்பவன், கருவி, நிலம், காலம், செயப்படுபொருள் ஆகியவற்றோடு செயலையும் சேர்த்திருக்கிறது. ‘உண்ட சாத்தன்’, ‘உண்ட சோறு’ ஆகியவற்றில் ஓட்டை இருக்கிறது. ‘உண்ட செயல்’ என்பதில் இல்லை. அது கிட்டத்தட்ட நிரப்பிதான். இத்தகைய தொடரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘தி நியூஸ் தட் ஹி டைட்’ என்றோ ‘தி நியூஸ் ஆஃப் ஹிஸ் டெத்’ என்றோதான் எழுத வேண்டும். நான் இதைச் சொன்னபோது டீச்சர் மறுக்கவில்லை. கட்டத்தை அழித்துவிட்டு, “ஓட்டையைப் பாருங்க, ‘என்ற’ உதவிக்கு மட்டும்” என்று மாற்றி எழுதினார். ‘முருகன் என்ற பையன்’ போலப் பெயர் சுட்டும் ‘என்ற’வையும் ஒதுக்கிவிட வேண்டும் என்று தானே சேர்த்துக்கொண்டார். மாணவர் சொல்லைக் கேட்டுக் கரும்பலகையை அழிக்கும் ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிற்பாதி நேர்மாறான சிக்கல். ‘தட்’ விஷயத்தில் ஆங்கிலம் ஒன்று, தமிழ் இரண்டு. இங்கே தமிழ் ஒன்றாக இருக்க, ஆங்கிலம் பலவாகப் பிரிகிறது. ‘செல்வதற்கான அனுமதி’, ‘செல்வதற்கான காரணம்’, ‘செல்வதற்கான வாய்ப்பு’ என்று நாம் ஒரே வடிவத்தில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘பெர்மிஷன் டு கோ’, ‘ரீஸன் ஃபார் கோயிங்’ என்று அந்தந்தப் பெயர்ச்சொல் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கிறது. வாய்ப்பு இன்னும் வம்பானது: ஆப்பர்ச்சூனிட்டி என்றால் ‘டு கோ’, பாஸிபிலிட்டி என்றால் ‘ஆஃப் கோயிங்’. எல்லாவற்றுக்கும் ‘டு’ போடுவது நம்மவர்களின் பொதுப் பிழை. ‘பாஸிபிலிட்டி டு கோ’ என்று எழுதப்பட்ட கடிதங்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். ‘-வதில்’ என்று வருமிடத்தில் மட்டும் தமிழ் பெரும்பாலும் நம்மைக் கைவிடுவதில்லை. ‘வழங்குவதில் தாமதம்’, ‘பெறுவதில் சிரமம்’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘இன்’ வரும், வினை ‘-இங்’ ஏற்கும்.

அலுவலகங்களில் அதிகம் இடறுவது, இதற்கு விலக்கான ஆட்சேபம் என்ற சொல்தான். ‘தொகையை விடுவிப்பதில் ஆட்சேபமில்லை’ என்பதை ‘நோ அப்ஜெக்‌ஷன் டு ரிலீஸ் தி அமௌன்ட்’ என்று எழுதும் பழக்கம் வேரூன்றிப் போயிருக்கிறது. ‘டு ரிலீஸிங்’ என்பதே சரி. அனுமதிக்குப் பின் வரும் ‘டு’வும் ஆட்சேபத்துக்குப் பின் வரும் ‘டு’வும் ஒன்றல்ல என்பதை டீச்சர் ‘இட்’ என்ற சிறு சொல்லைக் கொண்டு விளக்கினார். ‘அப்ஜெக்‌ஷன் டு இட்’ என்று சொல்லலாம். ஆகவே அந்த ‘டு’ முன்னிடைச்சொல், அதாவது பிரெபொசிஷன்; அதன் பின் ‘-இங்’. ‘பெர்மிஷன் டு இட்’ என்று சொல்ல முடியாது. ஆகவே அங்கே வெறும் வினை. கோப்பெழுதும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க சோதனை இது.

‘என்ற போதிலும்’ என்ற நம் வழக்கு இன்னொரு பிழைக்கு இட்டுச்செல்கிறது. ‘டிஸ்பைட்’ என்ற சொல்லை அடுத்து ‘தட்’ என்று தொடங்கும் தொடர் நேரடியாக வராது. இடையில் ‘தி ஃபேக்ட்’ என்ற பெயர்ச்சொல் வேண்டும். அதே வேளையில், ‘பிகாஸ்’ என்று ஒரு சொல்லில் முடியும் இடத்தில் ‘இன் வியூ ஆஃப் தி ஃபேக்ட் தட்’ என்று ஆறு சொற்கள் எழுதும் அரசு வழக்கத்தை டீச்சர் கண்டித்தது நியாயமே. ‘ரெக்கமெண்டேஷன் தட்’ என்பதன் பின் ‘ஹி பி டிரான்ஸ்ஃபர்ட்’ என்று வினை ‘இஸ்’ ஆக மாறாமல் ‘பி’ என்றே நிற்பதும் ஒரு வகுப்பில் வந்து போனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன்னிடைச்சொற்களுக்குக் கிடைத்தது இரண்டே வாரம். வினையாக இருக்கும்போது எதுவும் கேட்காத ‘டிஸ்கஸ்’, பெயராகி ‘டிஸ்கஷன்’ ஆனதும் ‘ஆன்’ அல்லது ‘அபவுட்’ கேட்பது போன்ற செய்திகள் ஒரே மாலையில் வரிசையாகக் கொட்டப்பட்டன. இங்கேதான் விதியால் பயனில்லை, பயிற்சியால் மட்டுமே படியும். எனவே இங்கேதான் நேரம் அதிகம் ஒதுக்கியிருக்க வேண்டும். பயிற்சித் தாள்கள் நகலுக்கு நகல் எடுக்கப்பட்டு எழுத்து மங்கியிருக்கின்றன. பல இடங்களில் ‘டு’வா ‘ஆஃப்’பா என்றே தெரியவில்லை, இந்தப் பாடத்தில் அது சிறிய குறையல்ல. அறையில் 14 நாற்காலிகள்தாம். மே மாதத்தில் கூலர் ஓசையில் கடைசி வரிசைக்குக் குரல் எட்டாது. விடுபட்ட வகுப்புக்கு மறுவகுப்பு கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் கரும்பலகைப் படம் வரும், அவ்வளவுதான்.

தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத தில்லித் தமிழ் இளைஞர்களுக்கு மூன்றாம் வாரத்தின் பயன் பாதியாகக் குறையும். பேச்சுத் தமிழ் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். அடிப்படை ஆங்கிலம் கற்க வேண்டியவர்களுக்கு இது ஏற்றதல்ல. வரைவு எழுதிப் பிழைப்பவர்கள், தீர்ப்புகளையும் ஒப்பந்தங்களையும் மொழிபெயர்ப்பவர்கள், ஆய்வேடு எழுதுபவர்கள் தயங்காமல் சேரலாம். சேர்பவர்கள் தாம் முன்பே எழுதிய நாலைந்து பக்கங்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் டீச்சர் அவற்றை வாங்கிப் பெயர்ச்சொற்களை மட்டும் வட்டமிட்டுத் திருப்பித் தருவார். வட்டமிட்ட ஒவ்வொன்றுக்கும் பின்னால் வருவது ஓட்டை உள்ளதா, இல்லாததா, ‘டு’ சரிதானா என்று நீங்களே பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை காட்ட வேண்டும். என் பழைய குறிப்புகளில் ஒரே பக்கத்தில் 11 வட்டங்கள் விழுந்திருந்தன. அவற்றுள் நான்கு பிழை.