நம்ம ஆளுன்னு நம்பினேன், 15,000 ராண்ட் போச்சு: கோம்பி வேன் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்து இன்றோடு 16 நாள். டெபாசிட்டில் ஒரு பைசா வராது என்று இன்று காலையில்தான் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. 15,000 ராண்ட். தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கடலோரத்தில் இருக்கிற கார்டன் ரூட் பக்கம் குடும்பத்தோடு கிளம்ப நினைக்கிற டர்பன் ஆட்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

அம்மா ஊரிலிருந்து முதல் தடவையாக வந்திருந்தாள். பெரியவளுக்கு 8 வயது, சின்னவனுக்கு 2. எங்கள் சின்னக் காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் அம்மாவின் அரிசி மூட்டையும் (ஆமாம், அரிசி மூட்டைதான்) ஏறாது என்பதால், டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கிற பகுதியில் ஒரு சின்ன வாடகை வண்டிக் கடையில் கோம்பி கேட்டேன். பெயர் போடப் போவதில்லை, கேட்காதீர்கள். பத்து நாளைக்கு வாடகை 12,000, டெபாசிட் 15,000. பெரிய கம்பெனிகளை விடக் கொஞ்சம் மலிவு, அவ்வளவுதான்.

டிசம்பர் 17 சாயங்காலம், ஏழு மணிக்கு மேல், தூறல். உள்ளே போனால் மேசைக்குப் பின்னால் முருகன் படம், சாம்பிராணி வாசனை, அந்த ஆள் நெற்றியில் விபூதி. அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பி "வணக்கம் ஆன்ட்டி" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் இங்கிலீஷ். அவனுடைய ஆயா (பாட்டி) தமிழிலேயே பேசுவாளாம், வருஷா வருஷம் வீட்டில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவார்களாம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வழிக்கு என்று சுட்டு எடுத்து வந்த முறுக்கை எவர்சில்வர் சம்படத்தோடு அவன் கையில் கொடுத்தாள். நான் அந்த நேரத்தில் வண்டியைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். அவன் ஃபார்மை எடுத்தான், கார் படம் போட்ட பக்கத்தில் கீறல் எதையும் குறிக்காமலே "நமக்குள்ள இதெல்லாம் எதுக்கு அண்ணா" என்கிற தோரணையில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினான், நானும் போட்டேன். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, இஎஃப்டி (வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம்) அனுப்பினால் போதும் என்றான். கணக்கு அவன் சொந்தப் பெயரில் இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன்! மொத்தம் 27,000.

மறுநாள் காலை முதல் அடி. அவன் கொடுத்த குழந்தை சீட்டின் பக்கிள் பூட்டவே இல்லை, உள்ளே பிஸ்கட் தூள் அடைத்து இறுகியிருந்தது. மூன்று வயதுக்குக் கீழே சீட் கட்டாயம் என்று இங்கே சட்டமே இருக்கிறது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. 1,600 கொடுத்துப் புதுசு வாங்கிக் கிளம்பும்போது மணி பத்தரை. சரி, போகட்டும் என்று விட்டேன்.

கடலோரப் பயணம் என்று பேர்தான், போர்ட் ஷெப்ஸ்டோன் தாண்டியதும் என்2 நெடுஞ்சாலை உள்ளே திரும்பி கோக்ஸ்டாட் பக்கம் மலைக்கு ஏறிவிடும், அப்புறம் ஈஸ்ட் லண்டன் வரைக்கும் கடலைப் பார்க்க முடியாது. "கடல் எங்கேடா" என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் ஸ்டாப் அண்ட் கோ (ரோடு வேலைக்காக ஒரு பக்கமாக நிறுத்தி நிறுத்தி விடுவது), ரோட்டில் மாடு, ஆடு, குழி. ராத்திரி ம்தாதாவில் தங்கினோம். மறுநாள் குனு வழியாகப் போனபோது மண்டேலா வளர்ந்த ஊர் இதுதான் என்று அம்மாவுக்குக் காட்டினேன். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்தது.

கெய் ஆற்றுக்கு இறங்குகிற வளைவுகளில், வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே ஏசி முழு வேகத்தில். பின்னாலிருந்து பெரியவள் கத்தினாள்: "அப்பா, கண்ணாடியில மின்னல்!" திரும்பிப் பார்க்கிறேன், மனைவி உட்கார்ந்திருந்த இடது பக்கம், முன்கண்ணாடியில் லைசென்ஸ் டிஸ்க் (வண்டி லைசென்ஸுக்கான வட்டச் சீட்டு) ஒட்டியிருக்கிற மூலையிலிருந்து ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கல் எதுவும் அடிக்கவில்லை, சத்தமே இல்லை. ஈஸ்ட் லண்டன் போய்ச் சேருவதற்குள் ஒரு முழ நீளம் ஆகிவிட்டது.

அங்கே ஒரு கண்ணாடிக் கடைக்காரர் அந்த டிஸ்க் ஹோல்டரை மெல்ல உரித்து எடுத்தார். அடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு பழைய அடி. அதற்குள் பழுப்பு நிறத்தில் மண். அதன் மேல் நெயில் பாலிஷ் தடவி, அது காய்ந்து மஞ்சள் படிந்திருந்தது. புது விரிசலுக்குள் இப்படி அழுக்கு இருக்காது, இது மாசக்கணக்கான அடி, சூடும் குளிரும் சேர்ந்து இழுத்துவிட்டது என்றார் அந்த மனிதர். அதாவது விரிசலை மறைக்கத்தான் டிஸ்க்கையே அங்கே ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில் ஒரு கட்டைவிரல், கூடவே "நோ வொரி பிரதர், என்ஜாய் தி டிரிப்". நம்பிவிட்டேன், இரண்டாவது தடவையாக.

பயணத்தைப் பற்றிச் சொல்ல மனசில்லை. ஸ்டார்ம்ஸ் ரிவர் முகத்துவாரத்தில் தொங்குபாலம், பாறையில் வெயில் காயும் டாஸிகளை (முயல் அளவுப் பிராணி) பார்த்துச் சின்னவன் "எலி, பெரிய எலி" என்று குதித்தது, புளூக்ரான்ஸ் பாலத்தில் கயிறு கட்டிக்கொண்டு 216 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறவர்களைப் பார்த்து அம்மா கண்ணை மூடிக்கொண்டது, எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோடும் இருக்கிறது.

27ஆம் தேதி வண்டியை விட்டோம். 48 மணி நேரத்தில் பணம் வரும் என்றான். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். கடையில் கணக்குப் பார்க்கிற பெண் லீவு, ஜனவரி 5 வரைக்கும். 5ஆம் தேதி கேட்டால் இன்ஷூரன்ஸ் ஆள் வந்து பார்க்கணும். 7ஆம் தேதி, பாஸ் இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போயிருக்கிறார். நீதானே பாஸ் என்று கேட்டேன், பதில் இல்லை. நேரில் போனால் வேறொரு பையன் உட்கார்ந்திருக்கிறான், எனக்கு ஒன்றும் தெரியாது அங்கிள் என்கிறான். முருகன் மட்டும் அதே இடத்தில் இருக்கிறார். இன்று காலை ஒரு கணக்கு அனுப்பியிருக்கிறான்: கண்ணாடி 9,000, வண்டி ஓடாமல் நின்ற நாட்களுக்கு நஷ்டம் 6,000. கூட்டிப் பாருங்கள், துல்லியமாக 15,000! நான் விசாரித்த கடையில் அந்தக் கண்ணாடி மாட்டுகிற கூலியோடு 3,800. கண்ணாடி, டயர், அடிப்பாகம் எல்லாம் வாடகைக்காரர் பொறுப்பு என்று நான் கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். இருக்கிறது. இப்போதுதான் படித்தேன். படிக்காதது என் தப்பு, பழைய விரிசலை மறைத்தது யார் தப்பு?

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வண்டியைப் பகலில் எடுங்கள். டிஸ்க் ஒட்டிய இடத்தை வெளிப்பக்கமிருந்து பாருங்கள், உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது. அவன் முன்னாலேயே வீடியோ எடுங்கள். சொந்தக் கணக்குக்கு இஎஃப்டி வேண்டவே வேண்டாம், டெபாசிட்டைக் கார்டில் பிளாக் பண்ணி நிறுத்தி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். குழந்தை சீட்டைக் கடையிலேயே பூட்டிப் பாருங்கள்.

ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டில் (சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்) 20,000 ராண்ட் வரைக்கும் வக்கீல் இல்லாமல் கேட்கலாம். முதலில் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்கணும், அதை இன்று ராத்திரியே எழுதிவிடுவேன். ஈஸ்ட் லண்டன் கடைக்காரர் தாளில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நல்ல மனுஷன்.

அம்மா அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தம்பி சம்படத்தையாவது திருப்பிக் கொடுத்தானா என்று மட்டும் கேட்டாள். கொடுக்கவில்லை.