கொடைக்கானலில் ஒரு பாவசங்கீர்த்தனம்

நான் பாவசங்கீர்த்தனம் செய்த, அதாவது என் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்ட, கத்தோலிக்கக் கோயிலின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கிருக்கும் சாமியார் யாரென்று தெரிந்துவிடும். நான் சொன்னதை எவரிடமும் சொல்ல முடியாதபடி திருச்சபைச் சட்டம் அவர் வாயைக் கட்டியிருக்கிறது. நானும் அவரை அடையாளம் காட்டக் கூடாது. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ் ஏறினேன். டம்டம் பாறை வரைக்கும் வெயில், ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் பனிமூட்டம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் 22 வருஷம் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற உறுதி), குருவிடம் சொல்வது, அபராதம் (அவர் சொல்லும் பரிகாரம்) தீர்ப்பது. முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகளை விரல் மடக்கி ஒப்பிக்க வைப்பேன். தெரிந்தே ஒரு சாவான பாவத்தை, அதாவது கனமான பாவத்தை, மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது என்பதையும் நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அப்படிப்பட்ட நான் 11 வருஷம் மறைத்தேன்.

அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி, 5 பவுன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையில் கழற்றிக் கொடுத்து, “இது சின்னவளுக்கு” என்றார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் தங்கச்சியிடம் சொல்லவே இல்லை. வருஷத்துக்கு ஒரு தரமாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம் போட்ட கட்டளை. அதை நான் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. தவக்காலம் வந்தால் வரிசையில் நிற்பேன், எனக்குப் பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். பொய் சொன்னேன், மருமகள் மேல் எரிந்து விழுந்தேன், இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. இரண்டு நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுவேன். சங்கிலி பீரோவிலேயே கிடந்தது.

இங்கே வரிசை இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கிற பழைய மரத் தொட்டி (கூண்டு மாதிரி இருக்கும்), சாமியாருக்கும் நமக்கும் நடுவில் கம்பி வலை. எனக்கு மூட்டுவலி என்று பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். சாமியார் தானே எழுந்துபோய் நாற்காலி கொண்டுவந்து வலைக்கு இந்தப் பக்கம் போட்டார். வழக்கமான பட்டியலைச் சொன்னேன். முடிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரமும் இல்லை. கூரைத் தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் மட்டும். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் எப்படி ஆரம்பித்தேன்? அம்மா படுத்திருந்தபோது தங்கச்சி எட்டிப் பார்க்கவில்லை, அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பைசா தரவில்லை, நான்தான் பெட்பான் எடுத்தேன் என்று. அவர் மெதுவாகக் குறுக்கிட்டார்: “அம்மா, அதெல்லாம் உங்க தங்கச்சியோட பாவம். அதை அவங்க வந்து சொல்லிக்குவாங்க. நீங்க உங்களோடதைச் சொல்லுங்க.”

பிறகு ஒரே ஒரு வாக்கியம்தான் மிஞ்சியது. “அம்மா அவளுக்குக் கொடுத்த நகையை நான் எடுத்துக்கிட்டேன்.” வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று தெரிந்தது. மனசுக்குள் கடவுளிடம் எத்தனையோ ராத்திரி சொன்னதுதான். ஆனால் அப்போதெல்லாம் தங்கச்சியையும் சேர்த்தே சொல்லியிருந்தேன்.

திட்டவில்லை. மறைத்த வருஷங்களையும் சொல்லச் சொன்னார், சொன்னேன். நகையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. எப்படிக் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்பதை மட்டும் என்னிடமே விட்டார். அபராதமாக மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரம் மூன்று, கொடைக்கானலிலேயே இருக்கும் சலேத் மாதா கோயிலில். “சர்வேசுரா சுவாமி, தேவரீர் அளவில்லாத” என்று தொடங்கும் பழைய மனஸ்தாப ஜெபம்தான் எனக்கு வந்தது. பாதியில் அழுகை. அவர் காத்திருந்தார்.

சலேத் மாதா கோயில் 1866இல் கட்டியது. 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் சலேத் மலையில் மாடு மேய்த்த மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்தபோது, முகத்தைக் கையில் புதைத்து அழுதபடி உட்கார்ந்திருந்தார். மார்பில் தொங்கிய பாடுபட்ட சிலுவைக்கு ஒரு பக்கம் சுத்தியல், மறு பக்கம் குறடு. ஆணி அடிப்பது சுத்தியல், பிடுங்குவது குறடு. பிள்ளைகளுக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பேன்! மூட்டுவலியோடு மேடேறிப் போய் மூன்று மந்திரம் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பெரியகுளம் போய்த் தங்கச்சி கையில் சங்கிலியை வைத்தேன். நான் எடுத்தேன் என்று சொல்லித்தான் வைத்தேன். அவள் கொக்கியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காப்பி தரவில்லை. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, “அக்கா, அந்தச் சாமியார் எத்தனை மணிக்கு இருப்பாரு?” என்றாள்.

அவளுக்குச் சொன்னதையே, கோயில் பெயரை மட்டும் விட்டுவிட்டு, இங்கேயும் எழுதுகிறேன். வார நாளில் போங்கள். காலைப் பூசை முடிந்ததும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டால் கூப்பிட்டுவிடுவார். ஆகஸ்ட் 15 சலேத் மாதா திருவிழாவை ஒட்டிப் போக வேண்டாம், ஊரே கூட்டமாக இருக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். திரும்பும் பஸ்ஸுக்கு அவசரப்படாமல், ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள்.