அம்மாவை விடுவதற்கு முன்னால் அந்த மணியை அமுக்கிப் பாருங்கள் (எனக்குப் போனது ரூ.1,38,000)

நேற்று மத்தியானம் வாட்ஸ்அப்பில், அம்மாவை விட்டிருந்த முதியோர் பராமரிப்பு மையத்திலிருந்து ஒரு பில் வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் "போகட்டும், அம்மா உயிரோடு வீடு வந்து சேர்ந்தாளே" என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டவர்கள் எனக்கு முன்னால் எத்தனை பேரோ.

போனது ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய். கிடைத்தது, அம்மாவின் குறுக்குக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு புண்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. மனு கொடுத்திருக்கிற நேரத்தில் வீண் வம்பு வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் தடுத்துவிட்டார். பாளையங்கோட்டைக்கு வெளியே, வீடுகள் முளைத்துக்கொண்டிருக்கும் புது நகர் ஒன்றில், மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்துகிற முதியோர் பராமரிப்பு மையம். இந்த மாதிரி இடங்களைப் பட்டியல் போட்டு நட்சத்திரம் கொடுக்கும் ஒரு செயலியில்தான் பார்த்தேன். 4.8 நட்சத்திரம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்துப் படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி என்றுதானே அர்த்தம்? அவர்களும் அந்த வார்த்தையைத்தான் பேச்சுக்குப் பேச்சு சொன்னார்கள். டாக்டர், நர்ஸ் எல்லாம் இருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து கேட்கவில்லை.

அம்மாவுக்கு 78 வயது. வீரவநல்லூரில் தனியாக இருந்தாள். பங்குனியில் ஒருநாள் காலையில் வாசல் தெளிக்கும்போது விழுந்துவிட்டாள். பக்கவாதம், வலது கையும் காலும் போய்விட்டது. ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். பேச்சு குழறியது, ஆனால் ஆளை அடையாளம் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது 46 கிலோ இருந்தாள். இந்த எடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறாள். அக்கா தூத்துக்குடியில். "எங்கூட வந்து இருக்கட்டும்ல" என்றுதான் அக்கா சொன்னாள். அவள் மாமியாரே படுக்கையில். நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதி வீட்டில் அம்மா வயதுக்காரர்கள். யாரை யார் பார்ப்பது? 

சரி, அந்த முதல் நாளுக்கு வருகிறேன். இரண்டு மாதமாக நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அதைத்தான்.

மே 12, காலை 11 மணி. நேரம் அவர்கள் கொடுத்தது. வாசலில் கோலம், உள்ளே சாம்பிராணி வாசம், துவைத்த விரிப்பு. மேலாளர் என்று ஒரு அம்மா வந்தார்கள். நாற்பது வயதிருக்கும். என்னிடம் பேசவே இல்லை. நேராக வீல்சேருக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, அம்மாவின் செத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கைக்குட்டை தேடவில்லை, தன் சேலை முந்தானையால் துடைத்தார்கள். "ஆச்சிக்கு என்ன சாப்பாடு புடிக்கும்?" என்று கேட்டார்கள். அம்மா ரொம்ப நேரம் முயற்சி செய்து "சொ... தி" என்றாள். விழுந்ததற்குப் பிறகு அவள் எங்களிடம்கூட அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அதுக்கென்ன ஆச்சி, வியாழக்கிழமை சொதியும் இஞ்சித் துவையலும் வச்சிருவோம்" என்றார்கள். அம்மா சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனாலும் சிரிப்புதான்.

நான் அழுதுவிட்டேன். "அண்ணாச்சி, நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க, எங்கம்மா மாதிரி பாத்துக்கிடுதோம்" என்றார்கள். அந்த முந்தானைக்குத்தான் நான் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் கொடுத்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

திருப்பித் தரும் முன்பணம் 75,000. பதிவுக் கட்டணம் 7,000. மாதம் 28,000 வீதம் இரண்டு மாதத்துக்கு 56,000. ஊரார் கணக்கையெல்லாம் வரிக்கு வரி டிக் அடித்துப் பார்க்கிறவன், ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம் இருந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். முத்திரைத்தாள் இருந்தது, அது போதும் என்று தோன்றியது. கட்டில் பக்கத்தில் ஒரு கூப்பிடு மணி இருந்தது. பொத்தானை அமுக்கினால் ஆள் வரும் என்றார்கள். அமுக்கிப் பார்க்கவில்லை.

அக்கா மட்டும் போனில் சொன்னாள்: "ஏல, ஒரு தடவ சொல்லாம கொள்ளாம சாயங்காலமா போயிப் பாரு." நான் எரிந்து விழுந்தேன். சந்தேகப்பட்டால் அம்மாவுக்குத்தான் கஷ்டம் என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன்.

வாரா வாரம் போட்டோ வந்தது. பச்சைச் சேலை, மஞ்சள் சேலை, வாடாமல்லிக் கலர் சேலை. தலை வாரி, பொட்டு வைத்து. ஒவ்வொன்றையும் குடும்பக் குழுவில் போட்டேன். சித்தப்பா கும்பிடு பொம்மை அனுப்பினார். வீடியோவில் பேச வேண்டும் என்றால் "ஆச்சி தூங்குதாவ", "இப்பதான் பிசியோ முடிஞ்சுது, அசதியா இருக்காவ". நேரில் பார்க்க இரண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டும், அதுவும் மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும். அந்த ஜூன் ஞாயிறு கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை.

பிறகுதான் அக்கா மகன் அந்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். பின்சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. பச்சைச் சேலையிலும் 14, மஞ்சளிலும் 14, வாடாமல்லியிலும் 14. ஒரே நாளில் மூன்று சேலை மாற்றி எடுத்து, வாரத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள். சேலை மாற்றத் தெரிந்தவர்களுக்கு ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியவில்லை.

ஜூன் 21, சனிக்கிழமை. ஒரு சாவு வீட்டில் துஷ்டி கேட்கத் திருநெல்வேலி வந்தவன், பஸ் ஏறுவதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சாயங்காலம் ஆறரைக்குப் போய் நின்றேன். பத்து நிமிஷம் கேட்டைத் திறக்கவில்லை. திறந்தது பத்தொன்பது இருபது வயசுப் பெண். உள்ளே பதினான்கு பேருக்கு அவள் ஒருத்திதான். நர்ஸ் எங்கே என்றேன். "நான்தான்ணே" என்றாள். எந்தக் கோர்ஸும் படிக்காத பிள்ளை. கடைக்கு வேலைக்கு வந்த மாதிரி வந்திருக்கிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவள் கண்ணிலும் தூக்கம்தான் இருந்தது.

சாம்பிராணி வாசம் இல்லை. மூத்திர வாடை. அதற்கு மேல் பினாயில். அம்மா மல்லாக்கப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "எய்யா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. தூக்கி உட்கார வைக்கக் கையைக் கொடுத்தேன், அலறினாள். நைட்டியின் பின்பக்கம் நனைந்திருந்தது. வாடை அங்கிருந்துதான் வந்தது.

கூப்பிடு மணிப் பொத்தானை அப்போதுதான் அமுக்கினேன். சத்தம் வரவில்லை. அந்தப் பெண், "அதுக்குப் பேட்டரி போட மாட்டாவண்ணே, ராத்திரி எல்லாரும் அமுக்கிட்டே இருப்பாவன்னு" என்றாள். நாற்பத்தொரு நாள் அம்மா நல்லாயிருந்த இடது கையால் அதை எத்தனை தடவை அமுக்கினாளோ.

108-ஐக் கூப்பிட்டு ஐகிரவுண்டுக்கே திரும்பக் கொண்டுபோனோம். படுக்கைப்புண், மூன்றாம் நிலை. தோல் போய் உள்ளே கொழுப்பு தெரிகிற நிலை. எலும்பைத் தொடவில்லை என்றார் டாக்டர். ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தசை நசுங்கி, ரத்தம் ஓடாமல் அழுகிவிடுமாம். ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டிருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்காது என்றார். எடை பார்த்தார்கள். 39 கிலோ.

இனி பணத்தின் கதை. திங்கள்கிழமை போன் செய்தேன். மேலாளர் அம்மா, அதே குரல்: "ஐயோ அண்ணாச்சி, ஆச்சி எப்படி இருக்காவ?" முன்பணத்தைக் கேட்டதும் குரல் மாறியது. அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் லீவு. அடுத்த தடவை, பைல் சென்னை ஆபீசுக்குப் போயிருக்கிறது. அதற்கடுத்து, ஓனர் மதுரைக்குப் போயிருக்கிறார். பிறகு, ஆனித் தேரோட்டம் முடியட்டும், இப்போது ஊரே லீவு. நெல்லையப்பர் தேரும் நிலைக்கு வந்து சேர்ந்தது. என் பணம் வரவில்லை. நேரில் போனால் வாசலிலேயே ஒரு ஆள் நிறுத்தி, "மேடம் மீட்டிங்ல இருக்காவ" என்றான். உள்ளே அதே சாம்பிராணி வாசம். மணி 11. யாரோ அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்துபோயிற்று. கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில். ஒரு நட்சத்திரம் போட்டு நடந்ததை எழுதினேன். இரண்டே நாளில் விதிமுறைக்கு முரண் என்று எடுத்துவிட்டார்கள். 4.8 எப்படி 4.8-ஆகவே இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

நேற்று அந்த பில். நாலு வரி. ஒப்பந்தம் 14-ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பு இல்லாமல் கூட்டிப்போனதற்கு இரண்டு மாதக் கட்டணம் 56,000. டயபர் 41 நாள், நாளுக்கு 9, ஆக 369, ஒன்று 45 ரூபாய் வீதம் 16,605. அறை சுத்தம் செய்ய 2,395. ஆக மொத்தம் 75,000. பாக்கி சைபர். கணக்கெழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன், கணக்கு இப்படிச் சுத்தமாக முன்பணத்தில் வந்து நின்றால் அது கடைசி வரியிலிருந்து மேலே எழுதிய கணக்கு. நாளுக்கு ஒன்பது டயபர் மாற்றியிருந்தால் ஒன்பது தடவை புரட்டியிருக்க வேண்டுமே? ஒன்பது தடவை புரட்டிய உடம்பில் அந்தப் புண் எப்படி வந்தது? இதை எழுதிக் கேட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

நாற்பத்தொரு நாள் சோறு போட்டார்களே, அதைக் கழிக்க வேண்டாமா என்று யாராவது கேட்பீர்கள். 46 கிலோவில் 39-ஐக் கழித்துப் பாருங்கள். முழு ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரமும் போனதாகத்தான் நான் எழுதுவேன்.

போன திங்கள்கிழமை மனுநாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். முதியோர் இல்லம் நடத்த மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு வேண்டும். இவர்கள் பெயர் பட்டியலில் இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நடை போயிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

எப்படிப்பட்ட இடம் என்று எடை போடுவது எப்படி என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன். பொறுமை இல்லை, தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கொடுக்கிற நேரத்துக்குப் போகாதீர்கள், சாயங்காலம் போங்கள், முடிந்தால் ஞாயிறு சாயங்காலம். ராத்திரி எத்தனை பேர், என்ன படித்தவர்கள் என்று கேளுங்கள். மணியை அமுக்குங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒருவரின் சொந்தக்காரரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள், நட்சத்திரத்தை நம்பாதீர்கள். விட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் துணியை விலக்கிக் குறுக்கெலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், பெற்றவள்தானே. சிவந்த இடத்தைப் பெருவிரலால் அமுக்கினால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதியோர் உதவி எண் 14567, நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் இந்த வாரம் போடுகிறேன். பில், போட்டோ, காலண்டர் எல்லாம் பிரிண்ட் எடுத்தாயிற்று.

இன்னொன்று, 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். இப்போது வீரவநல்லூர் வீட்டுக்கும் வருகிறார்கள். பங்குனியிலேயே விசாரித்திருக்கலாம். நான் செயலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் சம்பளமில்லா லீவு போட்டு வந்திருக்கிறேன். அக்காவும் நானும் முறை வைத்துப் பார்க்கிறோம். போன வியாழக்கிழமை அக்கா சொதி வைத்தாள். அம்மா நாலு கரண்டி குடித்தாள்.

போன் அலாரம் அடிக்கிறது. மணி நாலு. இடது பக்கம் திருப்பிப் போட வேண்டும். பின்னூட்டத்தில் கேளுங்கள், ராத்திரி பதில் சொல்கிறேன்.