பழைய டீசல் இன்ஜின்: கம்ப்ரஷன் டெஸ்ட்டா, லீக்-டவுன் டெஸ்ட்டா?

பழைய டீசல் காரைப் பார்க்கப் போனால் பலரும் முதலில் டிப்ஸ்டிக்கை உருவி, "ஆயில் கறுத்துப் போச்சே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். டீசலில் புது ஆயிலே சீக்கிரம் கரியேறிக் கறுத்துவிடும். அதை வைத்து இன்ஜினை எடை போடாதீர்கள்.

செலவில்லாத சோதனை வேறு இருக்கிறது. முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஆறட்டும். ஆறிய பின் ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. துள்ளி விழுந்து, துளை வழியே குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரிங் மேல் சந்தேகம் வரும். அதுவும் சந்தேகம் மட்டுமே. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இதே கூத்துதான்.

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தத்தை அளப்பது. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தில் சூடாகும் காற்றுதான் எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதனால் இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் க்ளோ பிளக்கையோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டுவார்கள். பெட்ரோல் கேஜ் பெரும்பாலும் 300 பிஎஸ்ஐயோடு (அழுத்த அளவு) நின்றுவிடும். நல்ல டீசல் இன்ஜின் அதையும் தாண்டும். எண்ணைவிட நான் பார்ப்பது வித்தியாசத்தை. 400, 395, 310, 400 என்று வந்தால் கோளாறு மூன்றாவது சிலிண்டரில். நான்குமே குறைந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், மெதுவாகச் சுற்றினாலும் எண் இறங்கும்.

மூன்றாவதில் எது போயிற்று, ரிங்கா வால்வா? கம்ப்ரஷன் கேஜ் சொல்லாது. லீக்-டவுன் சொல்லும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரண்டு வால்வும் மூடிய நிலையில் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஆயில் துளையில் உஸ்ஸென்றால் ரிங், சைலன்சர் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட். ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்கைச் சுற்றி நிறுத்திப் பிடிக்க வேண்டும், பொறுமை தின்னும் வேலை.

கார் வாங்குவதற்கு மூடியும் கம்ப்ரஷனும் போதும் என்பேன். லீக்-டவுன், கையில் இருக்கும் வண்டியைப் பிரிக்கலாமா என்று யோசிப்பவருக்கு. நான்கு எண்ணும் ஒன்றாக வந்தும் வண்டி திணறினால்? இன்ஜெக்டர் பக்கம் போங்கள், அங்கே இந்த இரண்டு கேஜுக்கும் வேலையில்லை.